தூணுக்குப் பின்னால் ஒரு மோட்டார்

கிள்ளான் நீதிமன்றத்தில் தாமரையின் முகத்தை விடக் குரலைத் தெரிந்தவர்கள்தாம் அதிகம். பதினேழு வருடமாக அவள் அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு மலாயிலும், மாஜிஸ்திரேட் கேட்பதைக் கூண்டில் நிற்பவருக்குத் தமிழிலும் சொல்ல வேண்டும். எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. கூண்டில் நிற்பவர் அழுதுகொண்டே சொன்னாலும் இவள் அழாத குரலில் சொல்ல வேண்டும்.

சாலை விபத்து வழக்குகள் வரும் நாட்களில் அவள் அதிகம் சொன்ன வாக்கியம் 'சாயா தீடாக் நம்பாக்'. நான் பார்க்கவில்லை. லோரி ஓட்டியவர், பள்ளி வேன் ஓட்டியவர், மாமியாரை மருத்துவமனைக்குக் கொண்டுபோன மருமகன், எல்லாரும் கடைசியில் அந்த வாக்கியத்தில்தான் வந்து நிற்பார்கள். "ஏன் பார்க்கவில்லை?" என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பதில் வராது. தாமரை சற்றுக் காத்திருந்துவிட்டு, "பதில் இல்லை, புவான்," என்பாள். மலாயில் புவான் என்றால் அம்மா, துவான் என்றால் ஐயா. வீட்டுக்கு வந்ததும் கணவனிடம், "எட்டு மணி வெளிச்சத்துல, நேர் ரோட்டுல, பாக்கலயாம். கண்ண எங்க வச்சிருந்தாங்களோ," என்பாள்.

வீடு கோலாலம்பூரில், சாலாக் செலாத்தானில். கணவன் லோகனுக்கு மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் பதினோரு கட்டடங்கள் அவன் பொறுப்பு. அவனுக்கு மோட்டார் சைக்கிள் போதும், கார் தாமரைக்கு. முன்பு இருந்த சின்னக் கார் 2021 டிசம்பர் வெள்ளத்தில், ஷா ஆலாமில் தங்கை வீட்டு வாசலில் கூரைவரை மூழ்கிப் போனது. அதன் பிறகு லோகன் ஒரே பிடிவாதமாக இருந்தான். வாங்கினால் உயரமான கார்தான். விற்கும் இடத்தில் அவனே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் பார்த்து, "நல்லா இருக்கு," என்றான். அவன் ஆறடிக்கு ஓரங்குலம் குறைவு.

தாமரை நாலடி பதினோரு அங்குலம்.

முதல் வாரத்திலேயே அந்தக் காரை யாருக்காகச் செய்தார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. பிரேக்கில் கால் பதிய வேண்டுமானால் இருக்கையை முன்னால் இழுத்துக் கடைசிவரை கொண்டுபோக வேண்டும். அப்படிப் போனால் ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கும். இருக்கை வார் தோளில் நிற்காமல் கழுத்தை அறுக்கும். அதற்கு ஒரு துணியுறை தைத்துப் போட்டாள். டோல் சாவடி இயந்திரத்தில் பண அட்டையை வைக்கக் கை எட்டாது. வாரைக் கழற்றி, கதவைத் திறந்து, பாதி இறங்கி அட்டையை வைப்பாள். அதற்குள் கதவு திறந்திருக்கிறது என்று கார் கூவும், வார் போடவில்லை என்று கூவும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார்.

கூவுவதற்கு அந்தக் காருக்குக் காரணமே வேண்டாம். பக்கத்து இருக்கையில் சாப்பாட்டுப் பையை வைத்தால் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, வார் போடச் சொல்லும். தாமரை சாப்பாட்டுப் பைக்கு வார் போட்டாள். வீட்டு வாசலில் பின்னால் எடுத்தால் துளசித் தொட்டியைப் பார்த்துக் கூவும். நெடுஞ்சாலையில் கோட்டை மிதித்தால் கூவும். ஒரு தடவை காற்றில் பறந்து வந்த பிளாஸ்டிக் பைக்குப் பயந்து தானாகவே பிரேக் போட்டது.

குளிர்சாதனத்துக்குப் பொத்தான் கிடையாது. எல்லாம் நடுவிலுள்ள திரையில். மத்தியானம் இரண்டு மணிக்கு, வெயிலில் நின்ற காரில் ஏறினால், அந்தத் திரை கண் விழித்து, காரின் படத்தைக் காட்டி, வரவேற்புச் சொல்லி முடிக்கும்வரை உள்ளே வெந்துகொண்டிருக்க வேண்டும். வியர்த்த விரலை அது விரலாகவே மதிக்காது. மழை பெய்த பிறகு பின்கதவைத் தூக்கினால் அதன் விளிம்பில் தேங்கிய தண்ணீர் முழுக்கக் கழுத்தில் இறங்கும். தூக்கிய கதவை மூட அவளுக்குக் கை எட்டாது. லோகன் ஒரு பழைய தோல் வாரைக் கதவில் கட்டித் தொங்கவிட்டான்.

"எல்லா காரும் இப்ப அப்படித்தான் லா, பழகிக்க," என்றான்.

பழகிக்கொண்டாள். விடிவதற்கு முன் கிளம்பி, ஜேமில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து கிள்ளானுக்குப் போய், மாலையில் அதே ஜேமில் திரும்பி வருகிறவளுக்கு எரிச்சல்படவும் தெம்பு வேண்டும். தாமரைக்கு அது நாற்பத்தைந்து வயதிலேயே தீர்ந்துவிட்டது. இப்போது நாற்பத்தொன்பது.

முன்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே கூரையைத் தாங்கும் தூண் ஒன்று இருக்கிறதல்லவா, அதையும் அவள் ஆரம்பத்திலேயே கவனித்திருந்தாள். பழைய காரில் அது இரண்டு விரல் அகலம். இதில் ஒரு கை அகலம். இருக்கையை முன்னால் இழுத்து உட்கார்வதால் அது முகத்துக்கு அருகிலேயே நிற்கும். ஒரு நாள் அதற்குப் பின்னாலிருந்து ஒரு முழு பஸ் வெளியே வந்தது. லோகனிடம் சொன்னாள். சீட்டைப் பின்னால் தள்ளச் சொன்னான். தள்ளினால் பிரேக் எட்டவில்லை. விட்டுவிட்டாள். தூண் கூவுவதில்லை, கழுத்தை அறுப்பதில்லை, தண்ணீர் ஊற்றுவதில்லை. மற்ற குறைகளுக்கு நடுவே அது மறந்து போனது.

சென்ற மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரவு பெய்த மழை விட்டு, சாலை ஈரமாக இருந்தது. கிள்ளானில் ஒரு ரவுண்டபோட் வட்டச் சந்திப்பில் நுழைவதற்காகத் தாமரை நின்றாள். வலது பக்கம் பார்த்தாள். ஒரு லோரி போனது, ஒரு வெள்ளைக் கார் போனது. பிறகு வெறும் சாலை. இடது பக்கம் ஒரு பார்வை, மறுபடி வலது பக்கம். வெறும் சாலைதான். பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு வாளி கீழே விழுந்த மாதிரி. காரின் மூக்குக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் படுத்துக் கிடந்தது, சற்றுத் தள்ளி ஒரு மனிதர். சாலை முழுக்கச் சிவப்பாக இருந்தது.  தாமரை கதவைத் திறந்து இறங்கியதும் தும்மல் வந்தது. அது மிளகாய்த் தூள். மோட்டாரின் பின்னால் கட்டியிருந்த மசாலாப் பொட்டலங்கள் வெடித்து, ஈரச் சாலையில் மிளகாயும் மஞ்சளும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன. உதவிக்கு ஓடி வந்தவர்கள் எல்லாரும் இருமினார்கள்.

விழுந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார முயன்றார்.

"அண்ணே, அசையாதீங்க. எங்க வலிக்குது?"

"என் கண்ணாடி எங்க?" என்றார் அவர்.

ஆம்புலன்ஸ் வரும்வரை தாமரை அந்தச் சிவப்புச் சேற்றில் குனிந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். கிடைத்தது. ஒரு பக்கக் கால் ஒடிந்திருந்தது. தன் முந்தானையில் துடைத்து அவர் இடது கையில் கொடுத்தாள்.

தினமும் எதற்கெல்லாமோ கூவிய கார் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு சத்தமும் போடவில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போக்குவரத்துப் போலீஸ் நிலையத்தில் அறிக்கையை அவளே மலாயில் எழுதினாள். பாதிவரை தடையில்லாமல் வந்தது. பிறகு அந்த வாக்கியம் வந்தது. பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு எழுதினாள். சாயா தீடாக் நம்பாக்.

"ஏன் பார்க்கவில்லை, புவான்?" என்று சார்ஜன்ட் மலாயில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

தாமரையிடம் பதில் இருந்தது. தூணைப் பற்றிச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், எழுந்து வந்து காரைப் பார்த்தார். கதவைத் திறந்து உட்காரப் போனவருக்கு முழங்கால் உள்ளே நுழையவில்லை. இருக்கையை ஒரே தள்ளாகப் பின்னால் தள்ளி, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, வலப்பக்கம் பார்த்தார்.

"நன்றாகத் தெரிகிறதே," என்றார்.

"என் இடத்தில் வைத்துப் பாருங்கள், துவான்."

"என் இடத்தில் உட்கார்ந்தாலே தெரிகிறது, புவான். நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்." இறங்கி, சம்மனை எழுதிக் கொடுத்தார். அவளும் மறுக்கவில்லை. இத்தனை வருடம் வீட்டில் அவள் சொன்னதைத்தான் அவர் சொன்னார்.

விழுந்தவர் பெயர் உமர். தோளோரக் காறையெலும்பு முறிந்திருந்தது, விலாவில் ஒரு விரிசல். கிள்ளான் உணவுக் கடைகளுக்கு மசாலா கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரொன்றிலிருந்து வந்து, இங்கேயே குடியாகிவிட்டவர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு தாமரை அவரைப் பார்க்கப் போனாள். மூன்றாவது மாடி. லோகனும் வருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி சௌதா. தாமரை யாரென்று சொன்னதும் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொன்னார், தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"பெரிய கார்ல போறவங்களுக்கு நாங்க எங்க தெரியப் போறோம்," என்றார்.

"மன்னிச்சிருங்க அக்கா."

"நான் என்ன மன்னிக்கிறது? ராத்திரி படுக்க முடியாம நாற்காலியில உக்காந்து தூங்குறது அவுங்க."

உமர் நாற்காலியில்தான் இருந்தார். கண்ணாடியின் ஒடிந்த காலை நூலால் கட்டியிருந்தார்கள். மனைவி உள்ளே போனதும் கேட்டார். "நெசமாவே பாக்கலயா தங்கச்சி? போன் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"போன் பைக்குள்ள இருந்துச்சு அண்ணே. ரெண்டு தடவ அந்தப் பக்கம் பாத்தேன். வெறும் ரோடுதான் தெரிஞ்சுச்சு."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "ஒண்ணு சொல்றேன். நானும் உங்களப் பாக்கல. கார் நின்னுச்சு, அத பாத்தேன். ஆனா உள்ள ஆளே தெரியல. கருப்பா அந்தச் சட்டந்தான் தெரிஞ்சுச்சு. ஆளில்லாத காரு நிக்கிற மாதிரி. நின்ன காருதானேன்னு வந்துட்டேன்."

தாமரை தேநீரைக் கீழே வைத்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவள் கண்ணிலிருந்து அவரை மறைத்த அதே தூண் அவர் கண்ணிலிருந்து அவளை மறைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை லோகனைத் திடலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காரை நடுவில் நிறுத்தினாள். லோகனை மோட்டாரில் ஏற்றி, வலது பக்கம் இருபதடி தள்ளி மெதுவாக உருட்டிக்கொண்டு போகச் சொன்னாள். காருக்குள் உட்கார்ந்து, அவன் மறைந்த இடத்தில் "நில்லுங்க," என்றாள். அவன் இறங்கிச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டான். மறுபடி தெரிந்த இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் மோட்டார், அதில் உட்கார்ந்த ஆள், அவன் முதுகுப் பை எல்லாம் அடங்கியது.

"நீ தலைய ஒரே எடத்துல வச்சிருக்க," என்றான் லோகன்.

"சரி, நீங்க உக்காருங்க. சீட்டத் தொடக் கூடாது."

லோகன் முழங்காலை மடித்து, முதுகை வளைத்து, தலையை அவள் தலை இருக்கும் உயரத்துக்கு இறக்கி, எப்படியோ உள்ளே புகுந்தான். தாமரை வெளியே நடந்தாள். முதல் கோட்டைத் தாண்டி நின்றாள்.

"எங்க போன?" என்றான்.

"இங்கதான் நிக்கிறேன்."

 அவள் இன்னும் நான்கு எட்டு நடந்து மறுபக்கம் தெரிந்தபோது அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தான். இறங்கி வந்தவன் கொஞ்ச நேரம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"நான் உக்காந்து பாத்துத்தான் வாங்கினேன்," என்றான். "உன்ன உக்கார வச்சுப் பாக்கல."

நாலு வருடத்தில் காரைப் பற்றி அவன் சொன்ன முதல் குறை அதுதான். தாமரைக்கு அதில் சந்தோஷம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும்போல் இருந்தது.

கார் நிறுவனத்துக்கு எழுதினாள். அவர்கள் இணையதளத்தில் புகாருக்கு ஒரு பெட்டி இருந்தது. ஐந்நூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. எந்த வகைப் புகார் என்று முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னது. இன்ஜின், டயர், குளிர்சாதனம், பெயின்ட் என்று ஒரு பட்டியல். பார்வை மறைப்பது அதில் இல்லை. 'மற்றவை' என்பதை அழுத்தினாள். மூன்று வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். தாமரையின் பேரைப் பார்த்துத் தமிழிலேயே பேசினாள்.

"மேடம், அந்தத் தூண் உங்க சேஃப்டிக்குத்தான். வண்டி கவுந்தாக்கூட கூரை நசுங்காது."

"நான் கவுழலம்மா. ஒருத்தர இடிச்சுட்டேன்."

"எங்க மாடல் எல்லா டெஸ்ட்டும் பாஸ் மேடம்."

"டெஸ்ட் பண்ணும்போது டிரைவர் சீட்டுல உக்காந்தது எவ்வளவு ஒசரம்?"

 "அது என்கிட்ட இருக்குற பேப்பர்ல இல்ல மேடம்," என்றாள். குரலில் அவளுக்கும் களைப்பு இருந்தது. தாமரை நன்றி சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு வாரம் ரயிலில் வேலைக்குப் போயும் பார்த்தாள். சாலாக் செலாத்தானில் ஏறி, நடுவில் மாறி, கிள்ளானில் இறங்கி நடந்து போக வேண்டும். அதில் நாலு நாட்கள் நேரம் கழித்துப் போய், நீதிமன்றப் பதிவாளரிடம் விளக்கம் எழுதிக் கொடுத்த பிறகு காருக்கே திரும்பினாள்.

ஜூன் மாதம் உமர் அழைத்தார். நஷ்டஈடு தர வேண்டிய காப்புறுதி நிறுவனம் மலாயில் வாக்குமூலம் கேட்கிறது. பேச்சு மலாய் அவருக்கு நன்றாக வரும், எழுத்து வராது.

"நீங்க கோர்ட்டுல இதத்தானே செய்றீங்க. எழுதிக் குடுங்க."

"நான் எழுதக் கூடாது அண்ணே. இது என் மேல வர்ற கேசு."

"தெரியும். வேற ஆளு எழுதுனா ரெண்டு வார்த்த கூட்டிப் போடுவான். அப்பறம் கேள்வி கேட்டா எனக்கு முழி பிதுங்கும். நீங்க கூட்ட மாட்டீங்க."

அவள் போனாள். சௌதா இந்தத் தடவை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார், ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பிச் சொல்லச் சொன்னார். உமர் சொல்லச் சொல்லத் தாமரை எழுதினாள். கார் நின்றது. ஓட்டுநர் தெரியவில்லை. நான் பாதி வழி வந்தபோது கார் புறப்பட்டது. ஹாரன் அடிக்க நேரமில்லை. கூண்டில் நிற்பவருக்காகப் பேசும்போது வரும் அதே ஒட்டாத மலாய்தான் வந்தது. கார் என்று எழுதிய இடமெல்லாம் தன்னுடைய கார் என்பதை அவள் மறக்கவில்லை. ஆனால் கை நிற்கவில்லை.

"என்ன வேகம்னு ஒரு கேள்வி இருக்கு அண்ணே."

"நாப்பதுன்னு போடுங்க."

தாமரை பேனாவை நகர்த்தாமல் அவரைப் பார்த்தாள். உமர் ஜன்னலைப் பார்த்தார். சௌதா உமரைப் பார்த்தார்.

"அம்பது," என்றார் உமர். "கடைக்கு நேரமாயிடுச்சு அன்னைக்கி."

ஐம்பது என்று எழுதினாள். அவர் இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். அடியில் மொழிபெயர்த்தவர் பெயர் எழுத ஓர் இடம் இருந்தது. தாமரை தன் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் 'காரை ஓட்டியவர்' என்றும் எழுதினாள். மறைத்துச் செய்ய அவளுக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்துக் காப்புறுதி அதிகாரி ஒருவர் அழைத்து, மொழிபெயர்த்தவர் பெயரில் ஏதோ தவறு நேர்ந்திருக்கிறது என்றார். "தவறு இல்லை," என்றாள். அவர் வேறொரு மொழிபெயர்ப்பாளரை அனுப்பி, உமரிடம் மறுபடி கேட்டுச் சரிபார்த்திருக்கிறார். ஒரு சொல்லும் மாறவில்லை.

நஷ்டஈட்டுக் கோரிக்கை நவம்பரில் முடிந்தது. உமரின் வலது கை தோளுக்கு மேல் இனி உயராது. மோட்டாரை விற்றுவிட்டார். மைத்துனர் வேன் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து கடை கடையாகப் போகிறார். வேனில் ஏறி இறங்குவதுதான் பெரிய பாடு என்று ஒரு நாள் தொலைபேசியில் சொன்னார். கைப்பிடியை வலது பக்கம் உயரத்தில் வைத்திருக்கிறார்களாம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கு வந்தது. கூண்டில் ஒரு சின்ன உருவப் பெண். விளிம்புக்கு மேல் முகம் மட்டும் தெரிந்தது. சந்திப்பில் ஒரு சைக்கிள்காரரை இடித்திருந்தாள். "நான் பாக்கலங்க," என்றாள். தாமரை அதை மலாயில் சொன்னாள். ஏன் பார்க்கவில்லை என்று மாஜிஸ்திரேட் கேட்டார். தாமரை அதைத் தமிழில் சொன்னாள். அந்தப் பெண் விழித்தாள். உங்கள் இருக்கை எவ்வளவு முன்னால் இருக்கும், தூண் எங்கே வரும் என்று கேட்கத் தாமரைக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்க அவளுக்கு உரிமை இல்லை. வழக்கத்தை விடக் கூடுதலாகக் காத்திருந்தாள். மாஜிஸ்திரேட் கோப்பிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்க்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "பதில் இல்லை, புவான்," என்றாள்.

இப்போது ஒவ்வொரு சந்திப்பிலும் தாமரை உடம்பை முன்னும் பின்னும் அசைத்துத் தூணுக்கு இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறாள். மாலையில் வீடு வரும்போது கழுத்து பிடித்துக்கொள்கிறது. லோகன் தைலம் தேய்த்துவிடுகிறான்.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் அவன் தானாகவே சொன்னான். "நானும் இப்ப சந்திப்புல நிக்கிற காருக்குள்ள மூஞ்சி தெரியுதான்னு பாக்குறேன். தெரியலன்னா மோட்டார நிறுத்திடுறேன்."

"நெறைய காருல தெரியுதா?"

"இல்ல," என்றான். "பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர இருவது நிமிஷம் லேட்டாவுது."